சவரிமுத்து அண்ணனின் வயது

கோவில் வாசலில் ஒரு மடக்கு மேசை. மேசைமேல் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா, கைக்குப் போடும் மருந்து, நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி. மேசைக்குப் பின்னால் நான். எனக்கு மேலே ஒரு பெரிய குடை. விடியற்காலையிலிருந்தே மழை.

சவரிமுத்து அண்ணன் மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிறுத்தினார். மழைக்கோட்டைக் கழற்றி, உதறி, மடித்து, கூடையில் வைத்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு மீட்டர் இடைவெளிக்கு நான் ஒட்டிவைத்திருந்த மஞ்சள் டேப்பில் சரியாகக் கால் வைத்து நின்று, முறை வந்ததும் ஐசியை எடுத்து நீட்டினார்.

எங்கள் மலேசிய அடையாள அட்டையான ஐசியில் முதல் ஆறு எண்கள் பிறந்த தேதி. முதல் இரண்டைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும். பார்த்தேன். எழுபத்தொன்று.

"அண்ணே, எழுபதுக்கு மேல உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு."

"எனக்கு எழுபது ஆகலியே, பிலோ."

"ஐசில ஆயிருக்கே."

"ஐசி பொய்."

பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். யாரும் எனக்குத் துணைக்கு வரவில்லை, அவருக்கும் துணைக்கு வரவில்லை. நான் ஐசியைத் திருப்பி நீட்டினேன். அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டவர், "சரி லா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

அது திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்மசுக்கு இன்னும் நான்கு வாரம்.

முப்பது பேர்

போன வாரம் தோட்டம் தோட்டமாக லோரியில் போய்க் கிறிஸ்மஸ் கேரல் பாடியதை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். கிறிஸ்மஸ் தாத்தாவின் பஞ்சு தாடி நனைந்து ஒழுக, நாங்கள் லோரியில் நின்று பாடிக்கொண்டே போவோம். இந்து வீடுகளிலும் முறுக்கும் ஆரஞ்சும் தயாராக வைத்திருப்பார்கள். அதைப் படித்த வாசகி ஒருவர், "கொரோனா வருஷம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டிருந்தார். அந்த வருஷம் லோரி இல்லை. பஞ்சு தாடி இல்லை. வாசலில் ஒரு மேசைதான் இருந்தது.

பல மாதம் பூட்டிக் கிடந்த கோவிலை, வருஷக் கடைசியில், மழை தொடங்கும் நேரத்தில் திறக்கவிட்டார்கள். தமிழ்ப் பூசைக்கு முப்பது பேர். எழுபது வயதைத் தாண்டியவர்களும் சின்னப் பிள்ளைகளும் வரக்கூடாது. கதவு, சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். கூட்டமாகப் பாடக்கூடாது. யார் வந்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும்.

எழுதிவைப்பது என்றதும் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்திருக்கிறது. நான் தமிழ்ப்பள்ளியில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் பேரையும் பிறந்த தேதியையும் எழுதியே கை காய்த்துப்போனவள். தெருவாரியாகக் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் நான்தான் பொறுப்பு. புக்கிட் பெருவாங்கில் இருக்கும் என் மகள், "உங்களுக்கு ஆஸ்துமா இருக்கறது மறந்துபோச்சா அம்மா?" என்று ஃபோனில் திட்டினாள். ஆஸ்துமா இருந்தது. போனேன்.

எங்கள் பங்குக் குரு ஃபாதர் பால், சீனர். தமிழ் ஓரளவு பேசுவார், எழுத்து தெரியாது; தமிழ்ப் பூசையை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார். 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்பதுபோல 'ழ' வராத வரிகள் எல்லாம் அவருக்குச் சுலபம். 'வாழ்த்துகிறோம்' வந்தால்தான் ஒரு வினாடி நின்று, மூச்சு வாங்கி, பிறகு சொல்வார்.

திருவருகைக் கால வளையத்துக்கு மூன்று ஊதா மெழுகுவர்த்தி, ஒரு ரோஸ் மெழுகுவர்த்தி வேண்டும். வாராவாரம் ஒன்று கூடுதலாக ஏற்றுவோம். அந்த வருஷம் மலாக்காவில் விற்கும் கடை மூடியிருந்தது. பக்கத்துச் சீனக் கடையில் கிடைத்தது சாமிக்கு ஏற்றும் தடிமனான சிவப்பு. நான்கு வாங்கிக்கொண்டு தயங்கித் தயங்கி ஃபாதரிடம் காட்டினேன்.

"எரியுமா?" என்று கேட்டார்.

"எரியும் ஃபாதர்."

"அப்புறம் என்ன? ஓக்கே லா."

அப்படித்தான் அந்த ஞாயிறு ஒரு சிவப்பு மெழுகுவர்த்தி எரிந்தது. உள்ளே இருபத்தொன்பது பேர். ஒரு நாற்காலி காலி.

லூர்து அக்கா

சவரிமுத்து அண்ணன் மெர்லிமாவ் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது குலை வெட்டி, கடைசியில் வேலி போட்ட வீடமைப்புக் குடியிருப்பு ஒன்றில் காவல்காரராக இருந்தார். அவர் மனைவி லூர்துமேரி. எங்கள் எல்லோருக்கும் லூர்து அக்கா.

லூர்து அக்காவுக்குப் பாட வராது. ஆனால் பாடாமல் இருக்கவும் மாட்டார். பாடகர் குழு ஒரு சுருதியில் போகும், மூன்றாம் வரிசையிலிருந்து இவர் குரல் தன் வழியில் போகும். பாடகர் குழுப் பெண்கள் ஒருமுறை என்னிடம் வந்து, "அக்காகிட்ட கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லுங்களேன்" என்றார்கள். நான் போய்ச் சொன்னேன். "மெதுவாத்தானே பாடுறேன்?" என்றார்.

முதல் முறை எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னபோது, இரண்டாவது வாரத்தில் லூர்து அக்கா இறந்துபோனார். கொரோனா இல்லை, இருதயம். அடக்கத்துக்கு ஒரு சிலரைத்தான் விட்டார்கள். ஃபாதர் குழி மூடும் மண்வெட்டிக்காரரிடமிருந்து தள்ளி நின்று பத்து நிமிடத்தில் செபத்தை முடித்தாராம். கோவிலுக்குள் உடலைக் கொண்டுபோகவில்லை. பூசை இல்லை, பாட்டு இல்லை. முப்பதாம் நாள் நினைவுப் பூசையும் இல்லை. அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெருதான், நான் போகவில்லை. ரோட்டில் போலீஸ் நின்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வருஷத்தில் இறந்தவர்களின் பெயரை நவம்பரில், கல்லறைத் திருநாள் பூசையில் படிப்பது எங்கள் கோவில் வழக்கம். அந்தத் திருநாளன்று கோவில் இன்னும் பூட்டியிருந்தது. "கிறிஸ்மஸ் பூசையில் படிக்கலாம்" என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

சவரிமுத்து அண்ணன் ஏன் ஐசியைப் பொய் என்றார் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. ஃபோன் செய்தார். அவரிடம் இருப்பது பொத்தான் அழுத்தும் பழைய ஃபோன். இணையத்தில் காட்டும் பூசையை அதில் பார்க்க முடியாது.

"பிலோ, கோவில்ல அவ பேர ஒரு தடவகூடச் சொல்லல. சொல்றப்ப நான் உள்ள இருக்கணும்மா. அவ்ளோதான்."

"ஐசி..."

"அதான் சொன்னேனே, ஐசி பொய். அது எங்கப்பா கூட்டிவச்ச வயசு. எனக்கு அறுபத்தெட்டுதான். மலாக்கா பெரிய கோவில்லதான் எனக்கு ஞானஸ்நானம். அங்க புத்தகத்துல சரியா இருக்கும்."

ஒரே வயிற்றில் ஐந்து மாத வித்தியாசம்

அவர் சொன்னதை நான் உடனே நம்பினேன். காரணம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பி இருவரின் பிறப்புப் பத்திரங்களை வைத்துக்கொண்டு விழித்தேன். இரண்டு பேருக்கும் ஐந்தே மாதம் வித்தியாசம். தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தோட்டத்துப் பிள்ளைங்கம்மா. கேக்காத, எழுது" என்றார்.

பழைய நாளில் தோட்டத்தில் பிறப்பைப் பதிய டவுனுக்குப் போக வேண்டும். ஒரு நாள் வேலை போகும். இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து, தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்லி, ஒரே நடையில் பதிந்துவிட்டு வருவார்கள். இன்னும் சிலர், பிள்ளை சீக்கிரம் வேலைக்குப் போகட்டும் என்று இரண்டு மூன்று வயதைக் கூட்டிச் சொல்வார்கள். என் சொந்த மாமனார் தன் ஐசிப்படி தன் அக்காவைவிட மூத்தவர். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆனால் கோவில் புத்தகம் வேறு மாதிரி. பிள்ளை பிறந்து சில வாரத்தில் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த அன்றே சாமியார் எழுதிவிடுவார். அதில் வயதைக் கூட்ட வழியில்லை.

ஃபாதர் பாலிடம் கேட்டேன். யோசித்தார். "சட்டம் ஐசியைத்தான் பார்க்கும்" என்றார். பிறகு, "ஆனா சர்ச் சர்ட்டிபிகேட் இருந்தா, நான் அதிகாரிங்ககிட்ட பேசிப் பார்க்கறேன். எடுத்துட்டு வாங்க" என்றார்.

பழைய புத்தகம்

அந்த வாரம் மாவட்டம் தாண்டிப் போகலாம் என்று விட்டிருந்தார்கள். என் காரில்தான் போனோம். அவர் பின் சீட்டின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் முகக்கவசம், நான்கு சன்னலும் திறந்தபடி. தூறல் உள்ளே அடித்தது.

"அவ என்னைவிட ஒரு வயசு மூத்தவ, தெரியுமா?" என்றார் பின்னாலிருந்து.

"தெரியாதே அண்ணே."

"அவளுக்கு அறுபத்தொம்போது, எனக்கு அறுபத்தெட்டு. கல்யாணத்துக்கு எங்கம்மா யோசிச்சாங்க. நான்தான் பரவால்லன்னேன். அதுலேர்ந்து ஏதாவது சண்டைன்னா, 'டேய் தம்பி, பெரியவங்க சொன்னாக் கேட்டுக்க'ம்பா. நாப்பது வருஷமா தம்பிதான்."

சிரித்தார். கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன.

மலாக்காவில் அந்தப் பெரிய கோவிலின் ஆபீசில் போர்த்துகீசிய வம்சத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். மலாயில் பேசினோம். அவர் பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து அகலமான புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்தார். ஓரங்கள் பழுப்பேறி, பக்கங்கள் அப்பளம் போல் நொறுங்கும் நிலை. வெள்ளைக்காரச் சாமியார்கள் சாய்த்துச் சாய்த்து எழுதிய கையெழுத்து. அதில் நம் பெயர்கள் எல்லாம் லத்தீனுக்கு மாறியிருந்தன. சவரிமுத்துவை 'சவேரியுஸ்' என்று தேட வேண்டும் என்று அந்தப் பெண்மணிதான் சொன்னார்.

அண்ணன் சொன்ன வருஷத்தை அவர் புரட்டினார். இல்லை. அதற்கு அடுத்த வருஷம். இல்லை. முந்தின வருஷம். இல்லை. நான் சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னும் பின்னால் புரட்டினார்.

"இனி டியா," இதோ என்று விரலை வைத்தார்.

சவேரியுஸ். தகப்பன் பெயர் சரி, தாய் பெயர் சரி, தோட்டத்தின் பெயரும் சரி. பிறந்த தேதி, மாதம், வருஷம் மூன்றும் ஐசியில் இருந்ததேதான். பிறந்த இருபதாம் நாள் ஞானஸ்நானம்.

நான் இரண்டு தடவை படித்தேன். அண்ணனுக்கு அந்த எழுத்தைப் படிக்க வராது. என் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவும்மா?"

"எழுபத்தொண்ணு அண்ணே. ஐசி சரிதான்."

அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒட்டியிருந்த 'உட்காராதீர்' தாளின் மேலேயே உட்கார்ந்தார்.

"அப்ப அது எங்க அருளப்பன் அண்ணனோட கதையா இருக்கும்" என்றார். "அவனுக்குத்தான் மூணு வயசு கூட்டியிருப்பாங்க. வீட்டுல பேசுனத வச்சு எனக்குன்னு நெனச்சுக்கிட்டேன். யார் கிட்ட கேக்கறது இப்ப? ஒருத்தரும் இல்ல."

சான்றிதழ் வேண்டுமா என்று அந்தப் பெண்மணி கேட்டார். வேண்டாம் என்றோம். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். நான் என்ன ஆறுதல் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். கார் கதவைத் திறந்தபோது அவரே நின்று, விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"பிலோ, அப்ப நான் அவளைவிட ரெண்டு வயசு மூத்தவன்."

"சொல்லிட்டேன்"

திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் காரைத் திருப்பச் சொன்னார். மழை விட்டிருந்தது. நான் இறங்கவில்லை. அவர் வேட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப் புல்லில் நடந்து, நான்காவது வரிசையில் போய் நின்றார். அங்கே இன்னும் கல் வைக்கவில்லை. ஒரு மரச் சிலுவைதான் இருந்தது.

ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து பின் சீட்டில் ஏறினார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன அண்ணே சொன்னீங்க?"

"இனிமே தம்பின்னு கூப்பிடாதன்னு சொன்னேன்."

எங்கள் ஊர் பெம்பானுக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது, "உனக்கு வீண் அலைச்சல்" என்றார். வீண் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அவருக்குப் பதில் சொல்லும் வேலை வரும் என்று விட்டுவிட்டேன்.

நான் பார்க்காவிட்டால்

இரண்டாவது மெழுகுவர்த்தி, மூன்றாவது மெழுகுவர்த்தி. கிறிஸ்மஸ் பூசைக்குச் சீட்டுக் குலுக்கி முப்பது பேரை எடுத்தோம். குலுக்கலில் வராதவர்கள் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். வந்தவர்களில் இரண்டு பேர், பயமாக இருக்கிறது, வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார்கள்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. வாசலில் ஐசியைப் பார்ப்பது நான்தான். நான் பார்க்காவிட்டால் யாருக்குத் தெரியும்? நோட்டில் வயதை நான்தானே எழுதுகிறேன்?

ஃபாதரிடம் சொல்லவில்லை. நேரே சவரிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்.

"கிறிஸ்மசுக்கு நீங்க வாங்க அண்ணே. ஐசிய நான் கேக்க மாட்டேன்."

அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"போன ஞாயிறு போலீஸ் வந்து நோட்டைப் பாத்தாங்களாமே?"

"வந்தாங்க. பாத்துட்டுப் போய்ட்டாங்க."

"கிறிஸ்மஸ் அன்னிக்கும் வருவாங்க. என்னைப் பாத்தா யாருக்கும் வயசு தெரியும். கோவில சாத்திருவாங்க. என் ஒருத்தனால முப்பது பேருக்கும் பூசை இல்லாமப் போவும். உன் பேரும் கெட்டுப்போவும்."

"அண்ணே..."

"அவ இதக் கேட்டிருந்தா என்னை ஏசியிருப்பா. வேணாம்மா."

அவர் வேண்டாம் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இன்றைக்கு அதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எனக்கும் இருந்திருக்கிறது.

"அப்ப ஒண்ணு செய்யுங்க" என்றேன். "காதர் பாய் கடைல வந்து உக்காருங்க. பேர் படிக்கறப்ப நான் உங்களுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்துல வைக்கிறேன்."

காதர் பாயின் மளிகைக் கடை கோவிலுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். கடை முன்னால் தகரக் கூரை போட்ட நடை உண்டு, அஞ்சடி என்போம். அங்கே உட்கார எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கிறிஸ்மஸ் காலை

நடுஇரவுப் பூசை அந்த வருஷம் கிடையாது. காலை எட்டரைக்கு வைத்தார்கள். ஏழரைக்கே வானம் கறுத்து, எட்டு மணிக்குக் கொட்டத் தொடங்கியது.

நான் மேசையில் பெயர் எழுதிக்கொண்டே எதிரே பார்த்தேன். காதர் பாய் அரிசி மூட்டைகளை உள்ளே தள்ளி இடம் ஒதுக்கி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டிருந்தார். சவரிமுத்து அண்ணன் அதே வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். பாய் ஒரு குவளை காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் நற்கருணை அப்பம் வாங்கும் முன் எதுவும் குடிக்க மாட்டார்; பூசை முடிந்ததும் அங்கேயே கொண்டுவந்து தருவதாக ஃபாதர் சொல்லியிருந்தார். காப்பி அப்படியே இருந்தது.

உள்ளே முப்பது பேர். கதவுகள் திறந்தே இருந்தன. ஒரே ஒரு பெண் பாடினாள், நாங்கள் முகக்கவசத்துக்குள் வாயை மட்டும் அசைத்தோம். குடிலில் பாலனை வைத்தோம். லூர்து அக்கா உட்காரும் மூன்றாம் வரிசையிலும் இடைவெளிக்காக ஒன்றுவிட்டு ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பூசையின் முடிவில் ஃபாதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எண்ணை அழுத்தினேன். அவர் எடுத்த சத்தம் கேட்டது. ஃபோனை ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு மைக்கின் முன்னால் போனேன்.

"இந்த வருஷம் நம்மளவிட்டுப் போனவங்க பேரப் படிக்கிறேன். எல்லாரும் எழுந்து நிக்கணும்."

ஏழு பெயர். லூர்துமேரி ஐந்தாவது. மற்றப் பெயர்களைப் போலவே படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. மெதுவாகப் பாடச் சொல்லப் போனவள் நான்தானே.

பூசை முடிந்து ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஃபாதர் பால் நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "குடை, குடை" என்றார். நான் பிடித்தேன். இருவரும் ரோட்டைக் கடந்தோம். அண்ணன் அஞ்சடியில் நின்றபடியே நற்கருணை வாங்கினார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. காதர் பாய் தன் ரேடியோவை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். ஃபாதர், "ஹாப்பி கிறிஸ்மஸ், அங்கிள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பூசைக்கு நேரமாகிவிட்டது என்று மழையிலேயே ஓடினார்.

"கேட்டுச்சா அண்ணே?" என்றேன்.

"இல்லம்மா." தலைக்கு மேலே இருந்த தகரத்தைக் காட்டினார். "இதுல அடிக்கிற மழைல ஒண்ணும் கேக்கல. ஃபோன காதோட வச்சு அழுத்திக்கிட்டுத்தான் இருந்தேன்."

இத்தனை செய்தும் இதை யோசிக்காமல் விட்டோமே என்று இருந்தது.

"ஆனா கதவு தெறந்துதானே இருந்துச்சு" என்றார் அவர். "எல்லாரும் எழுந்து நின்னீங்க. சரி, பேரு படிக்கிறாங்கன்னு நானும் எழுந்தேன். எது அவ பேருன்னு தெரியல. அதான் நீங்க உக்கார்ற வரைக்கும் நின்னேன்."

காதர் பாய் ஆறிப்போன காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு, புதிதாகக் கலக்கிவர உள்ளே திரும்பினார். போகிறபோக்கில் என்னிடம் சொன்னார்:

"நானும் நின்னேன், கிராணியம்மா. அவரு நிக்கறப்ப நான் எப்படி உக்காந்திருக்கறது?"